தண்ணீர் இல்லாத முன்புலம்: பாராமகால் குன்றுகளும் வில்லியம் டேனியலின் இளமைக் காலப் படங்களும்

ஓசூர், ராயக்கோட்டை, வீரபத்திர துர்கம், ஜெகதேவி ஆகிய ஊர்களும் துர்கங்களும் (மலைக்கோட்டைகளும்) 1800களின் தொடக்கத்திலேயே லண்டனில் வண்ணப்படங்களாக அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டன. வரைந்தவர்கள் இருவர்: தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். அன்று பாராமகால் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இந்தப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கோட்டைகளின் வரலாறே முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் படங்களை நிதானமாகப் பார்த்தால், கோட்டைச் சுவர் உச்சியில் ஓடும் மெல்லிய கோடுதான். தாளை நிறைத்துக்கொண்டு நிற்பது பாறை. வரையத் தெரிந்த 23 வயது இளைஞன் ஒருவனை இந்த வறண்ட பாறைக்காடு எப்படி வேறு வகையாக வரைய வைத்தது என்பதை விளக்குவதே இங்கே நோக்கம்.

தாமஸ் 1749இல் பிறந்தவர். கோச்சு வண்டிகளுக்குச் சின்னங்கள் தீட்டும் தொழிலில் பழகி, பிறகு ராயல் அகாடமிப் பள்ளியில் படித்தவர். வில்லியம் 1769இல் பிறந்தார். தந்தை இறந்தபின் சித்தப்பாவின் பொறுப்பில் வளர்ந்து, 1785இல் 16 வயதில் அவருடன் கப்பல் ஏறினார். சீனா வழியாக 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே முதலில் செய்த வேலை, நகரத்தின் 12 காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. அச்சுக்கூடம், தகடு தேய்ப்பவர், அச்சடிப்பவர் என எதுவும் தயாராக இல்லாத ஊரில் எல்லா வேலையையும் தாங்களே கற்றுச் செய்ய வேண்டியிருந்தது. வில்லியத்தின் தொழிற்பயிற்சி இந்தத் தகடுகளில்தான் தொடங்கியது.

1788 முதல் 1791 வரை கங்கை வழியாக வடக்கே போய், கார்வால் மலைநாட்டின் ஸ்ரீநகர் வரை சென்று திரும்பினார்கள். பயணத்தின் கணிசமான பகுதி படகில். இது படங்களில் அப்படியே தெரிகிறது. படகிலிருந்து பார்ப்பவருக்கு முன்னால் எப்போதும் தண்ணீர் இருக்கும். அது படத்தின் கீழ்ப்பகுதியைத் தானாகவே நிரப்பிவிடும். கரையில் இருக்கும் படித்துறையோ மசூதியோ மரமோ நீரில் தலைகீழாகத் தெரியும், தொடுவானம் நீளக் கிடையாக ஓடும். அத்துடன், அவர்களுக்கு முன்பே அந்தப் பாதையில் வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் போய் வரைந்திருந்தார். டேனியல்கள் ஹாட்ஜஸின் அச்சுப்படங்களோடு இடங்களை ஒப்பிட்டு, எங்கே அவர் தவறவிட்டார் என்று பார்த்துக்கொண்டே போனார்கள். முன்னோடி ஒருவர் நின்ற இடத்தில் நின்று, அவரைத் திருத்தி வரைவது ஒரு வகைப் பயிற்சி. முன்னோடியே இல்லாத இடத்தில் நிற்பது முற்றிலும் வேறு.

அந்த இரண்டாவது அனுபவம் தெற்கில் கிடைத்தது. ஹாட்ஜஸ் 1780இல் சென்னைக்கு வந்தபோது ஹைதர் அலியுடன் போர் மூண்டிருந்ததால் அவரால் உள்நாட்டுக்குள் வர முடியவில்லை. 1792இல் நிலைமை மாறியது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, மார்ச் மாதம் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. போர்ச் செய்திகளில் அடிபட்ட துர்கங்களைப் படமாகப் பார்க்க லண்டனில் ஆவல் இருந்தது. ராயக்கோட்டை 1791 ஜூலையில் பிடிபட்டது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மேல்கோட்டையைத் தாக்கிய கம்பெனிப் படை பின்வாங்க நேர்ந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படையோடு சென்ற ராபர்ட் ஹோம் என்ற ஓவியரும் சில ராணுவ அதிகாரிகளும் மைசூர்ப் பக்கக் காட்சிகளை ஏற்கெனவே வரைந்துகொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் தங்கள் எண்ணெய் ஓவியங்களைக் குலுக்கல் முறையில் விற்றுப் பணம் திரட்டிய டேனியல்கள், 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து பல்லக்கும் குதிரையும் சுமையாட்களுமாகப் புறப்பட்டார்கள். பாராமகாலைக் கடந்து பெங்களூர், பிறகு தெற்கே திரும்பிக் குமரி வரை.

கோடையில் பாராமகால்

இந்த நிலத்தின் எலும்பு நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைப் பாறைகள். இருநூற்றைம்பது கோடி ஆண்டு அளவில் வயதுள்ளவை. இவை வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, மேலிருந்த சுமை அரிக்கப்பட்டதால் அழுத்தம் தளர்ந்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிகின்றன. உரிந்த இடம் வழுக்குப் பாறையாக, புல்லும் பிடிக்காத மொழுமொழுப்பான சரிவாக நிற்கும். உரிந்து விழுந்தவை அடிவாரத்தில் குண்டுக்கற்களாகக் குவியும். மழைநீர் வழிந்த தடங்களில் பாசியும் நுண்ணுயிர்களும் படிந்து, கோடையில் காய்ந்து, கரும்பட்டைகளாகச் செங்குத்தாக இறங்கும். கிருஷ்ணகிரி மலையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே இந்த மூன்றும் தெரியும்: வெளுத்த தட்டு, சாம்பல் நிறப் பக்கவாட்டு, கறுத்த நீர்த்தடம். பின்னால் வரப்போகும் அச்சுவேலைக்கு இந்த மூன்று படிநிலைகளும் முக்கியம்.

கிருஷ்ணகிரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். நடுவில் ராயக்கோட்டை, பீடபூமிக்கு ஏறும் வாசல். இந்த ஏற்றத்தில் கரடுகள் (சிறு குன்றுகள்) ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும், ஆனால் தொடர்மலையாகச் சேராது. ஒவ்வொன்றும் தனியே தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும். கோடை மாதங்களில் ஆறுகள் மணலாகக் கிடக்கும். உசிலை, வெள்வேல், இலந்தை எல்லாம் இலை குறைந்து முள்ளும் குச்சியுமாக நிற்கும். பச்சையாக இருப்பவை புளி, ஆல், வேம்பு, திருகுகள்ளி, ஏரிக்கரைப் பனை இவ்வளவுதான்.

இதில் ஓவியனுக்கு வரும் முதல் சிக்கல் முன்புலம். கங்கையில் அதைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. இங்கே படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வெறும் செம்மண்ணும் சரளையும். அதை அப்படியே விட்டால் படம் கீழே ஓட்டையாகிவிடும். அந்தக் கால ஐரோப்பிய வழக்கப்படி இரு பக்கமும் அடர்ந்த மரங்களை நிறுத்தலாம் என்றால், இந்த நிலத்தில் அவ்வளவு அடர்த்தியான மரம் எங்கே இருக்கிறது? இருக்கும் பொருளை வைத்தே முன்புலத்தைக் கட்ட வேண்டும்: ஒரு குண்டுக்கல் குவியல், தனி மரம் ஒன்று, அதன் சிறு நிழல், நடக்கும் ஆட்கள், ஒற்றையடிப்பாதை. தென்னாட்டுப் படங்களில் பாதையும் பாறையும் செய்யும் வேலையை வடநாட்டுப் படங்களில் நீர்ப்பரப்பு செய்தது. வில்லியத்தின் படக்கட்டுமானம் மாறிய முக்கியமான இடம் இது என்பது எங்கள் துணிபு.

இரண்டாவது சிக்கல் அளவு. டேனியல்கள் கேமரா அப்ஸ்குரா என்ற இருட்டுப்பெட்டியைப் பயன்படுத்தினார்கள். வில்லை வழியாக வரும் காட்சியைச் சாய்ந்த கண்ணாடி திருப்பித் தாளில் விழவைக்கும், அதன்மேல் பென்சிலால் கோடு இழுக்கலாம். பெட்டியின் பார்வைக் கோணம் சிறியது. 250 மீட்டர் எழும் ஒரு குன்றை 20 பாகைக்குள் அடக்க வேண்டுமானால் சுமார் 700 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிட்டே போய்ப் பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் உச்சியை நோக்கி ஒடுங்கிக் குன்று பின்னால் சாய்ந்ததுபோல் விழும். தள்ளி நின்றாலோ இன்னொரு கணக்கு உதைக்கும். தாளில் குன்று 15 செ.மீ. உயரம் என்றால், அடிவாரத்தில் நிற்கும் ஆள் வெறும் 1 மி.மீ. அங்கே நிற்கும் 15 மீட்டர்ப் பனை 9 மி.மீ. பார்ப்பவருக்குக் குன்றின் உயரம் உறைக்க வேண்டுமானால் ஆள், மரம், கோட்டைச் சுவர் என்று கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் படிப்படியாக அளவுகோல்கள் வேண்டும். கிட்டத்து ஆள் 3 செ.மீ., நடுவில் மரம், உச்சியில் கொத்தளம் மயிரிழை. மனிதர்களை இவ்வளவு சிறிதாகப் போட்டது அலங்காரத்துக்காக அல்ல. அவர்களை எடுத்துவிட்டால் துர்கம் கூழாங்கல்லாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது சிக்கல் வெயில். கிருஷ்ணகிரி 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்ட கம்புக்கு நிழல் விழாது. அதன்பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும், ஆகவே செங்குத்தான தெற்கு முகங்கள் நடுப்பகலில் நேர்வெயில் படாமல் மங்கியிருக்கும். டேனியல்கள் சென்னையை விட்டுக் கிளம்பியது சரியாக இந்தப் பருவத்தில். இந்த வெளிச்சத்தில் 10 மணிக்கு மேல் பாறை வெளுத்துத் தட்டையாகிவிடும். மடிப்பு, வெடிப்பு, புடைப்பு எதுவும் கண்ணில் படாது. தரைக்காற்றின் கானல் அசைவில் அடிவாரக் கோடு நடுங்கும். பாறையின் உருவம் காலை 6.30 முதல் 8.30 வரையும், மாலை 4.30க்குப் பிறகும்தான் கிடைக்கும். அவர்களுடைய துர்கப் படங்களில் நிழல்கள் பக்கவாட்டில் விழுந்து பாறையை உருட்டிக் காட்டுவதற்கு, வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம். எல்லைக்கோட்டைப் பெட்டியால் எந்நேரமும் எடுத்துவிடலாம், நிழலை அதற்குரிய நேரத்தில் மட்டுமே எடுக்க முடியும்.

அக்கால நீர்வண்ண முறையும் இதற்குத் தோதாக இருந்தது. முதலில் பென்சில் கோடு. அடுத்து சாம்பல் நிறக் கரைசலால் நிழல்கள் மட்டும். அது காய்ந்தபின் மேலே மெல்லிய நிறப்பூச்சு. களத்தில் முதல் இரண்டு படிகளையும், சிறு நிறக்குறிப்பையும் முடித்துக்கொண்டால் போதும். நிறத்தை வீட்டில் சேர்க்கலாம். இன்று இங்கே கோடையில் வரைய உட்காருபவர்களுக்கும் இதே முறையைத்தான் சொல்வோம். 38 பாகை வெயிலில் ஈரப்பூச்சு சில நொடிகளில் காய்ந்து, விளிம்பில் கறைக்கோடு விழும். வானம் போன்ற பரந்த பூச்சு பாதியிலேயே பட்டை பட்டையாக நின்றுவிடும். தாளின் பின்பக்கத்தை நனைத்து, நனைத்த அட்டைமேல் ஒட்டவைத்தால் கால் மணி நேரம் கிடைக்கும். அதற்குள் வானத்தை முடித்துவிட வேண்டும். பாறைக்கு அந்த அவசரம் தேவையில்லை, காய்ந்த தாளில் விழும் கூர்மையான விளிம்பு பாறைக்கு நன்மையே செய்யும்.

இந்தப் பாறையில் முதலில் வரைந்தவர்கள் டேனியல்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பர்கூர் பக்கத்து மல்லப்பாடியில், பாறை ஒதுக்கின் முகத்தில் வெண்ணிறத்தில் குதிரை வீரர்கள் மோதும் காட்சி இருக்கிறது. பாறை உரிந்து உட்குழிந்த இடமே அங்கே சுவர், மேலே நீட்டிய பாறையே கூரை. மழை படாத சாம்பல் முகத்தில் வெள்ளை எடுப்பாகத் தெரியும். பொருளையும் நிறத்தையும் பாறையே தீர்மானித்த பழைய உதாரணம் அது.

செப்புத் தகட்டில் பாறை

1794இல் இங்கிலாந்து திரும்பியபின் ‘ஓரியண்டல் சீனரி’ என்ற வரிசை தொடங்கியது. 1795 முதல் 1808 வரை மொத்தம் 144 படங்கள், முழுத்தொகுதியின் விலை 210 பவுண்டு. பாராமகால் படங்களும் இதில்தான் வந்தன. இருவர் பெயரும் தாங்கிய வரிசை என்றாலும், தகட்டு வேலையின் பெருஞ்சுமை வில்லியத்தின் தோளில் இருந்தது. ஊர் திரும்பியபின் ஏழு ஆண்டுகள் காலை 6 மணி முதல் நள்ளிரவு 12 வரை அவர் உழைத்ததை அவர்களுடைய சமகாலத்து ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

முறையின் பெயர் அக்வாடின்ட். பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில் முதலில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் எல்லைக்கோடுகளைக் கீறி, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால் காட்சியைத் தகட்டில் திருப்பித்தான் வரைய வேண்டும். பிறகு மெழுகை நீக்கி, ரோசின் எனும் பைன்மரப் பிசினின் நுண்துகளைத் தகடெங்கும் படியவிட்டு, அடியில் சூடு காட்டி ஒட்டவைப்பார்கள். சாராயத்தில் கரைத்த பிசினை ஊற்றிக் காயவிடுவது இன்னொரு வழி. துகளுக்குத் துகள் இடையே இருக்கும் நூலளவு செம்பை அமிலம் அரிக்கும். அந்தக் குழிகளில் மை தங்கி, தாளில் ஒரே சீரான சாயலாக விழும்.

சாயல் வேறுபாடு நேரத்தால் வருகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களை வார்னிஷால் மூடிவிட்டு முதல் அரிப்பு, அரை நிமிடம் ஒரு நிமிடம். வானத்தின் மெல்லிய சாம்பல் அதில் கிடைக்கும். அதை மூடிவிட்டு இரண்டாம் அரிப்பு. இப்படி ஆறு, எட்டு முறை. கடைசிக் கருமைக்கு, அமிலத்தின் காட்டத்தைப் பொறுத்து, எல்லா அரிப்பும் சேர்ந்து 20, 30 நிமிடம்கூட ஆகலாம். சூடு மிகுந்தால் பிசின் உருகி ஒன்றாகிவிடும், அமிலம் உள்ளே போகாது, அந்த இடம் வெளுக்கும். சூடு குறைந்தால் துகள் அமிலத்தில் கழன்று, கறுப்புத் திட்டு விழும். வார்னிஷ் முழுதாகக் காயும் முன் தகட்டை அமிலத்தில் இறக்கினால் விளிம்பு கசியும். எல்லாம் சரியாக வந்தாலும் குழிகள் ஆழமற்றவை. சில நூறு பிரதிகளுக்குள் மென்சாயல்கள் தேய்ந்துவிடும்.

இந்த முறைக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. சாயல்கள் படிப்படியாகத்தான் வரும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து கரையாது. மேகத்தையும் நீரையும் இழைத்துக் காட்ட, தகட்டைத் தேய்த்து மெழுக வேண்டும் அல்லது தூரிகையால் அமிலத்தைத் தடவித் தடவி எடுக்க வேண்டும். கங்கைக் காட்சிகளில் அந்தப் பாடு நிறைய. பாராமகால் பாறையோ இயற்கையிலேயே படிநிலையாக நிற்கிறது: வெயில் பட்ட தட்டு, சாய்ந்த பக்கம், வெடிப்பின் இருள், நீர்த்தடத்தின் கருமை. ஒவ்வொரு அரிப்புக்கும் பாறையில் ஒரு முகம் தயாராக இருக்கிறது. கோடுகளால் நிரப்ப வேண்டியதே இல்லை. தகட்டின் குணமும் நிலத்தின் குணமும் இவ்வளவு பொருந்திய இடம் அந்த வரிசையில் அதிகமில்லை. வில்லியம் சாயலால் பாறையைக் கட்டக் கற்றது இங்கே கிடைத்த வரைவுகளை வைத்துத்தான் என்று கருத இது வலுவான காரணம்.

பாறையை அவர் முதலில் பார்த்தது இங்கேதான் என்று சொல்ல மாட்டோம். கங்கை நடுவே கோல்காங் பாறைகளையும், பீகாரில் ரோத்தாஸ் மலைக்கோட்டையையும் முன்பே பார்த்தவர்கள். ஆனால் கோல்காங்கில் பாறை நீரில் நிற்கிறது. தென்னாட்டில்தான் பாறை படத்தின் ஒரே பொருளாகி, நீரின் துணையும் பெரிய கட்டடத்தின் துணையும் இல்லாமல் நின்றது.

இதன் பலன் இருபது ஆண்டு கழித்துத் தெரிகிறது. 1814 முதல் 1825 வரை வில்லியம் சித்தப்பா இல்லாமல் வெளியிட்ட பிரிட்டன் கடற்கரைச் சுற்றுப்பயண வரிசையில் 308 அக்வாடின்ட் படங்கள். ஸ்டாஃபா தீவின் பசால்ட் எனும் எரிமலைப் பாறைத் தூண்கள், ஸ்காட்லாந்தின் செங்குத்துக் கரைகள் ஆகியவற்றைக் குறைந்த சாயல்களில், சிறிய மனித உருவங்களோடு, அலங்காரம் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார். முன்னால் மறுபடி தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் படத்தைத் தாங்குவது பாறைதான். கங்கைப் படங்களிலிருந்து நேராக அங்கே போக வழி தெரியவில்லை. நடுவில் துர்கங்களை வைத்தால் தெரிகிறது.

படத்தை நிலத்தோடு ஒப்பிடுவது எப்படி

கொல்கத்தா விக்டோரியா மெமோரியலிலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் டேனியல்களின் பெருந்தொகுப்புகள் இருக்கின்றன. இணையப் பட்டியல்களில் ஊர்ப்பெயர்கள் அக்கால உச்சரிப்பில் இருக்கும். ராயக்கோட்டையை ‘ரயகோட்டா’ என்றும், வீரபத்திர துர்கத்தை ‘வெரபட்ரூக்’ என்றும், ஓசூரை ‘ஊசூர்’ என்றும், ஜெகதேவியை ‘ஜக் தியோ’ என்றும் தேட வேண்டும்.

படத்தோடு களத்துக்குப் போகிறவர்கள் முதலில் கண்ணிலிருந்து சிலவற்றைக் கழிக்க வேண்டும். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, தைலமரம் மூன்றும் இந்த நிலத்துக்குப் பின்னால் வந்தவை. கிருஷ்ணகிரியைச் சுற்றிய பரந்த மாந்தோப்புகளும், 1950களில் தென்பெண்ணையில் கட்டிய அணையின் நீர்ப்பரப்பும் அவ்வாறே. இவற்றை விலக்கிப் பார்த்தால்தான் 1792இன் முன்புலம் தெரியும். அடுத்து, மரத்தையும் பாதையையும் நம்பி இடம் தேடக்கூடாது. ஓவியர் படத்தின் தேவைக்காக அவற்றை நகர்த்தியிருக்கலாம். நம்ப வேண்டியது வானத்தில் தெரியும் குன்றின் விளிம்புக்கோடு. இரண்டு குன்றுகள் ஒன்றையொன்று எந்த இடத்தில் மறைக்கின்றன என்று படத்தில் பார்த்து, அதே மறைப்பு கிடைக்கும்வரை களத்தில் இடமோ வலமோ நகர வேண்டும். பிறகு முன்னும் பின்னும் நகர்ந்து, குன்றின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைச் சரிபார்க்கலாம். விகிதம் படத்தில் மட்டும் நெட்டுக்குத்தாக இருந்தால் ஓவியர் உயரத்தைக் கூட்டியிருக்கிறார் என்று பொருள். மலைகளை வரைந்த அக்காலத்தவர் பலரிடமும் இந்தப் பழக்கம் உண்டு.

கிரானைட் குவாரிகளால் இந்த மாவட்டங்களில் பல கரடுகள் பக்கம் அறுபட்டும் உச்சி இழந்தும் நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட கோட்டைக் குன்று தப்பினாலும், அதன் பின்னால் படத்தில் வரும் பெயரில்லாத கரடு தப்புவதில்லை. ஒப்பீட்டுக்கு அந்தப் பெயரில்லாத கரடுகளே அதிகம் தேவைப்படுகின்றன. ஆகவே இருக்கும் விளிம்புக்கோடுகளை இப்போதே, நின்ற இடத்தின் அட்சம், தீர்க்கம், நேரம், திசை ஆகியவற்றோடு படமெடுத்துப் பதிந்து வைப்பது அவசரமான வேலை. இதற்கு நல்ல கைப்பேசியே போதும். அகலக்கோண வில்லை மட்டும் கூடாது, அது குன்றைக் குட்டையாக்கிவிடும்.

கையில் கிடைக்கும் அச்சு அசலா என்று பார்க்க விரும்புவோர் அளவை முதலில் பார்க்கலாம். மூலப்பதிப்பில் படப்பரப்பு ஏறத்தாழ 42 செ.மீ.க்கு 60 செ.மீ. பின்னர் சிறிய அளவுப் பதிப்பும் வந்தது. உருப்பெருக்கியில் ஒழுங்கற்ற நுண்வலையாகத் தெரிந்தால் பிசின் துகளின் தடம். வரிசையாக வட்டப் புள்ளிகள் தெரிந்தால் இயந்திர மறுஅச்சு. கைவண்ணம் விளிம்புக்கோட்டைச் சற்றே தாண்டி வழிந்திருப்பது குறையல்ல, மேலே கையால் வண்ணம் பூசப்பட்டதற்கான அடையாளம்.